வீடியோ டிஸ்க் - ஒன்று

ரோச் செத்துப்போன சேதி கேட்டு நான் அழுதேன். அது நிஜம். அவன் சாமான்கள் பட்டியலைப் பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதுவும் நிஜம்தான். இரண்டாவதை மூடி மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

என் பெயர் ராஜதுரை. வயது ஐம்பத்து நாலு. ஏரல் பக்கம், ஆற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். வயலில் கால் வைக்கப் பிடிக்காமல் தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்துக்கு வருகிற சரக்குகளைக் கஸ்டம்ஸ் பேப்பர் போட்டு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ரோச் தூத்துக்குடிக் கடற்கரைப் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம். சாயர்புரம் காலேஜில் இருவருக்கும் ஒரே பெஞ்ச். மத்தியானத்துக்கு மேல் வகுப்பை விட்டுவிட்டு பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்து இங்கிலீஷ் உளவாளிப் படம் பார்ப்பதுதான் நாங்கள் உருப்படியாகப் படித்த பாடம்.

ஒரே உளவாளி, பத்தொன்பது படங்கள். பாலைவனத்தில் ஓடினாலும் சரி, கடலுக்குள் குதித்தாலும் சரி, மனுஷன் கோட்டைக் கழற்ற மாட்டான். அதனால் எங்களுக்கு அவன் பெயர் கோட்டுக்காரன். படம் முடிந்து வெளியே வந்து, புரியாத இடங்களுக்கு ரோச் தானாகவே ஒரு கதை சொல்வான். பெரும்பாலும் நிஜக் கதையைவிட அது நன்றாக இருக்கும்.

ரோச் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டராகக் கப்பல் ஏறினான். நான் கோட்டுக்காரனைச் சேர்க்க ஆரம்பித்தேன். முதலில் கேசட், பிறகு டிவிடி, இப்போது ப்ளூரே. எல்லாம் போனிலேயே வருகிறதே என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போனில் வருவதை யாராவது இஷ்டத்துக்கு வெட்டியிருப்பான், நாளைக்கு எடுத்தும் விடுவான். ப்ளூரேயில் கோட்டின் நூல் தெரியும். அந்தக் காலத்துத் தியேட்டர் சத்தம் தனியாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, என் கையாலேயே எண் போட்டு அலமாரியில் வரிசையாக அடுக்குவேன். என் மனைவி சுடலைச்செல்விக்கு இதெல்லாம் வெறும் தட்டு. “தட்டு தொடைக்கணும், தள்ளி இருங்க” என்பாள்.

பதினெட்டு வந்துவிட்டது. ஏழாவது மட்டும் இல்லை. ஏதோ உரிமைத் தகராறாம், போடுவதையே நிறுத்திவிட்டார்கள். ரோச் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் பழைய டிஸ்க் கடையைத் தேடிப் போய், அலமாரியைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான். நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ‘ஏழு இல்லை’ என்று பதில் போடுவேன். இப்படியே ஆறு வருஷம். போன பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்தில் அது கிடைத்துவிட்டது. கவர் படம் வந்தது. ‘சட்டையில் சுற்றி வை, கவர் கீறிவிடும்’ என்று எழுதினேன். பதினோரு நாள் கழித்து நடுக்கடலில் நெஞ்சடைத்து ரோச் இறந்துபோனான். உடல் விமானத்தில் வந்தது. அடக்கத்தில் அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

கப்பலில் ஒருவர் இறந்தால் அவர் சாமான்களைக் கேப்டன் ஒவ்வொன்றாக எழுதி, இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பெட்டியைப் பூட்டி அனுப்ப வேண்டும். ரோச்சின் பெட்டி ஒரு மாசம் கழித்து வந்தது. அதை எடுத்துக் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவன் மனைவி ஆக்னஸ் அலைய வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் மெச்சினார்கள்.

பட்டியலில் சட்டை ஒன்பது, ஜெபமாலை ஒன்று, மொபைல் ஒன்று என்று போய், பதினாலாவது வரியில் இருந்தது: வீடியோ டிஸ்க் - ஒன்று. நான் சொன்ன சந்தோஷம் அங்கேதான் வந்தது.

கஸ்டம்ஸில் பூட்டைத் திறந்து ஐந்து நிமிஷத்தில் பார்த்து விட்டுவிட்டார்கள். பெட்டி என் ஆபீசுக்கு வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்காக வாங்கியதுதானே, ஆக்னஸ் இதை வைத்து என்ன செய்யப்போகிறாள், கேட்டால் அழுவாள், இந்த நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஒரு நீலச் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தான். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சட்டையை மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தேன். என்னுடையது என்றால் எதற்கு மடிக்க வேண்டும்? அந்த மடிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் செய்தது திருட்டு என்று.

சாயங்காலமே வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டி ஏழு போட்டு, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் செருகினேன். மறுநாள் காலை பெட்டியை ஆக்னஸ் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆக்னஸ் காப்பி கொடுத்தாள். மகள் ஸ்டெபி, காலேஜில் கடைசி வருஷம் படிப்பவள், ஒரு தாளோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். அதே பட்டியல். கம்பெனி அவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறது, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷம் இதே வேலை பார்ப்பவனுக்கு அது தோன்றவில்லை. ஸ்டெபி வாசிக்க வாசிக்க ஆக்னஸ் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள்.

“பதினாலு. வீடியோ டிஸ்க் ஒண்ணு.”

ஆக்னஸ் பெட்டியைத் துழாவினாள். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். நீலச் சட்டையையும் உதறினாள்.

“இல்லியே. என்ன வீடியோ அது?” என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். “ஏளா ஸ்டெபி, அப்பா சொன்னாருல்லா! கப்பல்ல கிறிஸ்மஸுக்குப் பாட்டு, டான்சு எல்லாம் படம் பிடிச்சிருக்கு, வரும்போது கொண்டாரேன்னாரே. அந்தப் படம்தான் இது. அவரு படம்.”

“அம்மா, அது வேற எதுனாலும் இருக்கலாம்.”

“வேற என்ன இருக்கும்? வீடியோன்னு எழுதியிருக்கே.” என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, எனக்கு அவரு நடக்க மாதிரி, பேசுத மாதிரி ஒண்ணுகூட இல்ல. கல்யாணக் கேசட்டு பூஞ்ச பிடிச்சுப் போச்சு. அங்கன இருந்து தெனம் வீடியோ கால்லதான் பேசுவாரு, அது பேசி முடிச்சா போச்சு. அவரு போனு பூட்டிக் கெடக்கு. தொறந்தா எல்லாம் அழிஞ்சிரும்னு கடைக்காரன் சொல்லுதான். இந்தப் படம் ஒண்ணுதான் இருந்திருக்கு. அதையும் எவனோ எடுத்துட்டான்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அது சினிமாப் படம் ஆக்னஸ், எனக்காக வாங்கினது, நான்தான் எடுத்தேன் என்று மூன்றே வாக்கியம். அவள் சொன்ன படம் வேறு, என் அலமாரியில் இருந்த படம் வேறு. ‘படம்’ என்கிற அந்த ஒரு சொல்லுக்குள் நான் புகுந்து ஒளிந்துகொண்டேன்.

“நான் விசாரிக்கேன்” என்றேன்.

“நீங்க இருக்கிய, எனக்கென்ன கவல” என்றாள்.

காணாமல் போன பொருளுக்குக் கடற்கரைக்காரர்கள் போகிற இடம் ஒன்றுதான், உவரி அந்தோணியார் கோயில். பதிமூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வருகிறேன் என்று ஆக்னஸ் நேர்ந்துகொண்டாள். ஸ்டெபிக்குக் காலேஜ். தனியாகப் போக வேண்டாமே என்று உறவுக்காரர்கள் இழுத்தபோது, நான் கூடப் போகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. குற்றம் உள்ளவன் வாய் எப்போதும் ஒரு படி முன்னாலேயே போகும் போலிருக்கிறது.

ஆக, செவ்வாய்தோறும் அரைநாள் லீவு. திருச்செந்தூர் போய், அங்கிருந்து ஆலந்தலை, மணப்பாடு தாண்டி உவரி. பஸ்ஸில் ஒரு அம்மாள், “கூடப்பெறந்தவரா?” என்று ஆக்னஸிடம் கேட்டாள். “அதுக்கும் மேல” என்றாள் ஆக்னஸ். நான் ஜன்னல் வழியாக உடைமுள் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் மன்றாட்டை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆக்னஸ் கண்ணாடியை மறந்து வந்திருந்தாள்.

“ஒங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நீங்க எழுதுங்க அண்ணாச்சி.”

தாளை முட்டியில் வைத்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். “கோடி அற்புதரே, எம் வீட்டுக்காரரு படத்த எடுத்தவன் மனசு எளகி அத திருப்பிக் குடுக்கணும்.” நான் எழுதினேன். முடிந்தது என்று மடிக்கப் போனேன். “இன்னும் இருக்கு. எடுத்தவனுக்கும் அவன் புள்ளகுட்டிக்கும் ஒரு கொறையும் வரக்கூடாது. அவனுக்கு என்ன கஷ்டமோ.” அதையும் எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு அச்சு மாதிரி இல்லை.

எங்கள் ஊர்ச் சுடலைமாடனாக இருந்தால் அங்கேயே வைத்து என் சோலியை முடித்திருப்பார். அந்தோணியார் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு சாந்தமாக நின்றார். அதுதான் தாங்கவில்லை.

இரண்டாம் செவ்வாயும் மூன்றாம் செவ்வாயும் இப்படியே போயின. ஏழாவது படத்தை நான் இன்னும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிளேயர் பக்கம் போனாலே ஆக்னஸ் சட்டைகளை உதறுவது கண்முன் வந்தது. வெள்ளிக்கிழமை அலமாரி துடைத்த சுடலைச்செல்வி துணியோடு நின்றாள்.

“ஏழு வந்துட்டு போலயே. எப்போ?”

“ரோச் குடுத்தான்.”

“அவிய செத்துல்லா போனாவ. எப்போ குடுத்தாவ?”

“முந்தியே குடுத்தான்.”

ரோச் கடைசியாக லீவில் வந்துவிட்டுப் போய் எட்டு மாசம் ஆகிறது. அவனுக்கு அன்றைக்கு விளமீன் குழம்பு வைத்துப் பரிமாறியவளே அவள்தான். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மீதி அலமாரியைத் துடைக்காமலே துணியை அலசப் போய்விட்டாள். இரண்டு நாள் அவசியத்துக்கு மட்டும் பேசினாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை.

நாலாம் செவ்வாய் உவரியிலிருந்து திரும்பி, ஆக்னஸ் வீட்டு வாசலில் வைத்து, பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து நீட்டினேன். அதையாவது யோக்கியமாகச் செய்தேனா? “துறைமுக ஷெட்டுல வேற ஒரு சாமானோட சேந்து கெடந்துச்சாம்” என்று இன்னொரு பொய் சொன்னேன். கவரைப் பார்த்தால் அவளாகவே சினிமாப் படம் என்று தெரிந்துகொள்வாள், ஏமாந்தாலும் அதோடு தீர்ந்துவிடும், நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று திட்டம். கோழைக்கு இந்த மாதிரித் திட்டங்கள் நன்றாக வரும்.

ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டு கவரை முத்தமிட்டாள். துப்பாக்கியோடு நின்ற கோட்டுக்காரனின் நெற்றியில்.

“கவர்ல ஏதோ சினிமா போட்டிருக்கு ஆக்னஸ்” என்றேன்.

“கவர் என்னமும் இருக்கட்டும். ஸ்டெபி சின்னதுல கோயில்ல புதுநன்மை எடுத்த டிஸ்க்கே கார்ட்டூன் கவர்லதான கெடக்கு. அவருக்குக் கைல கெடச்ச டப்பால போட்டு வைக்கதுதான பழக்கம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வீட்டு மிசின்ல இது ஓடுமா?”

“ஓடாது. இதுக்குத் தனிப் பிளேயர் வேணும்.”

“அப்ப ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு ஒங்க வீட்டுக்கு வாரோம்.”

வந்தார்கள். ரோச் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ரோஸ் சேலையை ஆக்னஸ் கட்டியிருந்தாள். மல்லிகைப்பூ இல்லை, பவுடர் மட்டும் போட்டிருந்தாள். ஒரு டப்பா நிறைய முந்திரி மக்ரூன் கொண்டுவந்திருந்தாள். சுடலைச்செல்வி அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. நான் டிஸ்க்கைப் பிளேயரில் போட்டேன்.

விமானம் வெடித்தது. பாட்டு வந்தது. ஆக்னஸ் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்குப் பொறவு வருமோ?” என்றாள்.

கோட்டுக்காரன் ரயிலில் ஓடினான், பனியில் சறுக்கினான். ஒரு கப்பல் வந்தது. ஆக்னஸ் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள். கப்பல் தளத்தில் நின்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தக் காட்சி எடுத்தபோது ரோச்சுக்கு நாலு வயசு இருந்திருக்கும். நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றாள். இரண்டு மணி நேரம் ஓடியது. ஆறு வருஷம் தேடிய படம். ஒரு காட்சியும் என் கண்ணில் பதியவில்லை. ஆக்னஸின் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெபி டிஸ்க்கின் காலி டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதன் முதுகைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். நான் ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்திருந்தேன். பதினெட்டு எண்களும் ஒரே கை, அவள் கையிலிருந்த ஏழும் அதே கை.

“மாமா” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். டப்பாவை எனக்குக் காட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ப் பார்த்தவன் நான், ரோச் அப்போது கப்பலில் இருந்தான்.

படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறின. ஆக்னஸ் அதையும் விடவில்லை. இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். திரை கறுத்தது.

“அவரு இல்ல” என்றாள்.

“இல்ல ஆக்னஸ். இது வெறும் சினிமாப் படம்.”

“அப்ப அவரு பேசுனது எங்கனயும் இல்ல.” கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டெபிதான் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குரல் கடுமையாக இருந்தது. “மாமா, அப்பா ஒங்களுக்கு டிஸ்க் கடைய எல்லாம் படம் எடுத்து அனுப்புவாங்கல்லா? அதுல ஒண்ணும் பேசலியா?”

பேசியிருக்கிறான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம். ஆரம்பத்தில், வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று நினைப்பேன். பிறகு ஆபீசில் எங்கே கேட்பது, ஏழு இருக்கிறதா இல்லையா என்பது படத்திலேயே தெரிகிறதே என்று விட்டுவிட்டேன். படத்தை மட்டும் பார்ப்பேன். போனை ஸ்டெபியிடம் கொடுத்தேன். அவள் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

“கேட்டதுன்னா நீலமா இருக்கும் மாமா. எல்லாம் பச்சையால்லா இருக்கு.”

“கேக்கல” என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

சுடலைச்செல்வி மக்ரூன் டப்பாவை மூடிக் கீழே வைத்தாள். ஸ்டெபி கடைசி மெசேஜை, டர்பனிலிருந்து வந்ததை, அழுத்தினாள்.

“ஏலே ராசதொரை, சாப்ட்டியா?” ரோச் எங்கள் ஹாலுக்குள் வந்துவிட்டான். பின்னால் காற்றுச் சத்தம். “ஏழு கெடச்சிட்டு, படம் அனுப்பியிருக்கேன் பாரு. இந்தத் தடவ வந்தா ஒங்கூட உக்காந்து பத்தொம்பதையும் பாக்கணும்லே. நீ எனக்குப் புரியாத எடத்துல எல்லாம் கத சொல்லணும், முந்தி நான் ஒனக்குச் சொன்னம்லா? ஆமா, ஒம் முட்டுவலி என்னாச்சு? நாலு தடவ கேட்டுட்டேன், நீ ஒண்ணுமே சொல்ல மாட்டக்க…”

ஆக்னஸ் ஸ்டெபியின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். சிரித்தாள். கண்ணீர் அதன் பாட்டுக்கு இறங்கியது.

“இங்கன பாருலே, இன்னிக்குக் கப்பல்ல மீன் கொழம்புன்னு ஒண்ணு வச்சான், ஆக்னஸ் பாத்தா சட்டியத் தூக்கிக் கடல்ல போட்டுருவா…”

நான் தரையில் உட்கார்ந்தேன். இனிமேல் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

“ஆக்னஸ், பெட்டியில இருந்து அந்த டிஸ்க்க எடுத்தது நான்தான். வேற யாரும் இல்ல. நான்தான்…”

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டி அமர்த்தினாள்.

“கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி” என்றாள். “அவரு பேசுதாரு.”